கைசெய் உருவைத் தொழுதல் தகுமோ?

சைவப் பாடசாலைகளிலே சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்களை மாணாக்கர் வினாவும் வினாக்களுள் ஒன்று மிகப் பழையது. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகவே பிறப்பது. "உலையில் உருக்கி வார்த்த செம்பை நாம் கடவுளென்று கும்பிடுவது எங்ஙனம் பொருந்தும்?" என்பதே அது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலே பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வீதியில் விளையாடி, ஒரே வகுப்பிலிருந்து கற்கின்றார்கள். ஆதலின் இவ்வினா அவர்களுக்குப் புத்தகத்திலிருந்து வருவதன்று. தோழன் வாயிலிருந்து வருவது. ஆசிரியர் சினந்து வாயடக்குவாராயின் பிள்ளை அடங்குவான், வினா அடங்காது.

யாம் கிறித்தவ மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்றவர்கள். எமக்கு எழுத்தறிவித்த அவ்வாசிரியர்களிடத்து எமக்குள்ள நன்றி என்றுங் குறையாதது. அங்கே ஏசாயா என்னுந் தீர்க்கதரிசியின் நூலில் 44ஆம் அதிகாரத்தை யாம் படித்ததுண்டு. ஒருவன் மரமொன்றை வெட்டுகின்றான். அதன் ஒரு பாதியை அடுப்பிலிட்டுச் சமைத்துக் குளிர்காய்கின்றான். மற்றைப் பாதியை உருவாகச் செதுக்கி வணங்குகின்றான். இஃதென்ன பேதைமை என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. இந்நியாயம் வலியது. அதனை நகைத்துத் தள்ளுதல் அறிவுடையார் செயலன்று. செப்புத் திருமேனி செய்யப்படும் முறையை உள்ளவாறறிந்து, அதன்பின் இதனை ஆராய்தலே முறையாகும். என்னையெனின், இவ்வினாவுக்கு வேண்டிய விடையின் பெரும்பகுதி அத்தொழிலினுள்ளேயே கிடக்கின்றதாகலின்.

சோழநாட்டிலே கும்பகோணத்துக்கு அணித்தாயுள்ள சுவாமிமலை இத்தொழிலுக்கு இன்றும் பேர்போன ஊர். அங்குள்ள ஸ்தபதிகள் முதலிலே தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் சிறிது கடலையெண்ணெயையுஞ் சேர்த்துக் காய்ச்சி வடிப்பர். பின்னர்த் தென்னோலைக் கீற்றொன்றைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, அதனையே பலவாறாக மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு, தொடைக்கு இவ்வளவு என்று குறித்துக்கொள்வர். சிவபெருமான் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்னும் 124 கூற்றளவும், அம்மைக்கு மத்திம தசதாளம் என்னும் 120 கூற்றளவும் சிற்பநூல்களில் விதிக்கப்பட்டன. கடையில் வாங்கும் அளவுகோல் எல்லாத் திருமேனிகளுக்கும் ஒன்றே. ஓலையளவோ ஒவ்வொரு திருமேனிக்குந் தனித்தனி. ஒரு திருமேனியின் உறுப்புக்கள் தம்முள்ளே பொருந்தவேண்டுமேயன்றி, வேறொன்றன் உறுப்போடு பொருந்தவேண்டுவதில்லை என்பது இதன் கருத்து.

தலை, கை, பீடம், திருவாசி முதலியன மெழுகிலே தனித்தனி செய்யப்பட்டுச் சூடேற்றிய இரும்புக் கருவியால் ஒட்டப்படும். உலோகம் புகுதற்கும் காற்று வெளியேறுதற்கும் வேண்டிய வழிகளும் மெழுகுக் குச்சிகளாகவே வைக்கப்படும். இங்ஙனம் முற்றுப்பெற்ற மெழுகுருவின்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல்மண்ணை அரைத்து மெல்லிதாகப் பூசுவர். மயிரிழை போன்ற கோட்டையும் அம்மண் பற்றிக்கொள்ளும். அது நிழலிற் காய்ந்தபின் வயன்மண்ணும் மணலுங் கலந்து மேலும் மேலும் அப்பி, இரும்புக் கம்பிகளால் இறுகக் கட்டுவர். இவ்வாறு அமைந்த மண்பொதியை அவர்கள் 'கரு' என்றும், அச்செயலைக் 'கருக்கட்டுதல்' என்றுஞ் சொல்வர். தாயின் வயிற்றிலிருப்பதும் கரு. இறைவன் வீற்றிருக்கும் அறையும் கருவறை. திருமேனி உருப்பெறும் மண்கூடும் கருவேயாம். தமிழ்மொழி இம்மூன்றையும் ஒரு சொல்லால் வழங்குதல் நினைக்கத்தக்கது.

பின்பு வறட்டியடுக்கித் தீமூட்டிக் கருவைச் சூடாக்குவர். மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியசிலே உருகுவதாகலின், அஃது எளிதில் உருகி முழுதும் வெளியே ஓடிவிடும். அம்மெழுகின் நிறையைக்கொண்டே வேண்டிய உலோகத்தின் நிறையைக் கணித்துக்கொள்வர். மெழுகு நீரினுஞ் சிறிது இலேசானது. செப்புக் கலவையோ நீரினும் ஒன்பது மடங்குக்குக் கிட்டிய பாரமுடையது. ஆகவே ஓரிறாத்தல் மெழுகு இருந்த இடத்தை நிரப்புதற்கு ஏறக்குறைய ஒன்பதிறாத்தல் உலோகம் வேண்டும். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை ஒரு கணக்காகவே வகுப்பிற் செய்து காட்டலாம்.

செம்பு உருகுவது 1085 பாகையில். செம்பே பெரும்பகுதியாகவும், பித்தளையும் ஈயமும் சிறுபகுதியாகவும், வெள்ளியும் பொன்னும் பெயரளவிலேயும் சேர்த்து உருக்குவர். இதுவே பஞ்சலோகம் எனப்படுவது. சூடேறிய கருவை மண்ணிலே வாய்மேலாகப் புதைத்து, உருகிய உலோகத்தை நூல்போல இடையறாது வார்ப்பர். இடையறுமாயின் திருமேனியில் பிளவு காணும். ஆறியபின் கருவை உடைத்துத் திருமேனியை வெளிப்படுத்தி, உளியாலும் அரத்தாலுஞ் செம்மை செய்து, கடைசியிலே கண்திறப்பர். கருவோ உடைந்துபோயிற்று, மெழுகுருவோ முன்னமே உருகிப்போயிற்று. ஆதலின் அம்முறையால் ஒன்று வார்த்தால் ஒன்றே. வார்ப்புப் பழுதாயின் ஓலை நறுக்குதலினின்று மீண்டுந் தொடங்கல் வேண்டும். இக்காலத்திலே சில தொழிற்சாலைகளில் இறப்பர் அச்சுக்களால் ஒரே மெழுகுருவைப் பலவாக எடுத்து வார்ப்பதுமுண்டு. அதனை யாம் இங்கே கொண்டிலேம்.

வடநூலார் இதனை மதூச்சிட்ட விதானம் என்பர். மது என்பது தேன். உச்சிட்டம் என்பது எச்சம். தேனின் எச்சமாகிய மெழுகால் ஆகும் விதி என்பது பொருள். மேலைச் சாளுக்கிய அரசனாகிய மூன்றாஞ் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டிலே இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூலில் இது விரித்துரைக்கப்பட்டுள்ளது. தொழிலோ அந்நூலினும் மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் 1926ஆம் ஆண்டு கிடைத்த நடனமாதின் சிறுவடிவம் இம்முறையால் ஆனதே. அதன் வயது ஏறக்குறைய 4500 ஆண்டு. பலுசித்தானத்து மேர்கார் என்னுமிடத்துக் கிடைத்த செப்புத் தாயத்தொன்றோ 6000 ஆண்டு பழமையுடையது. இலங்கையிலே திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையிற் கிடைத்த, ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டினதாகிய தாராதேவியின் வடிவமும் இவ்வாறு வார்க்கப்பட்டதே. தேசாதிபதியாயிருந்த பிரவுண்றிக்கினால் 1830ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட அது இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. பௌத்தருக்கும் சைவருக்கும் வேற்றுச் சமயத்தார்க்கும் இத்தொழில் பொதுவென்பது இதனாற் பெறப்படும்.

இனி வினாவுக்கு வருவோம். நமது சித்தாந்த நூலார் காரணத்தை மூன்றாக வகுப்பர். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இதனை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகின்றோம். அதனையே இங்கே பொருத்திப் பார்ப்பாம். திருமேனிக்குச் செம்பு முதற்காரணம், கருவும் தீயும் கருவிகளும் துணைக்காரணம், ஸ்தபதி நிமித்தகாரணன். அற்றேல், மெழுகு எதன்பாற்படும்? உருவமனைத்தும் முதலில் மெழுகிலேயே இருந்தது. ஆயினும் முற்றுப்பெற்ற திருமேனியில் மெழுகின் அணுவும் இல்லை. மண் குடத்திலே நிற்பதுபோல மெழுகு திருமேனியிலே நிற்கவில்லை. ஆதலின் அது முதற்காரணமாகாது. உருவத்தை ஏந்திக் கொடுத்துவிட்டுத் தான் நீங்கினமையின் துணைக்காரணமே யாயிற்று.

இதனினும் நுண்ணியதொன்று உண்டு. மெழுகு வெளியேறியபின்னும் உலோகம் உட்புகுமுன்னும் உள்ள இடைவேளையை நினைக்க. அப்பொழுது திருமேனி எங்கே இருக்கின்றது? மெழுகில் இல்லை, மெழுகு சட்டியிற் கிடக்கின்றது. செம்பில் இல்லை; செம்பு உலையிற் கொதிக்கின்றது. ஸ்தபதியின் மனத்தில் இருக்கின்றதெனின், மனத்திலிருப்பது செம்பைத் தடுத்து நிறுத்தாது. கருவினுள்ளே இருப்பது வெறுவெளி. ஆயினும் அவ்வெளி வெறுமையன்று. விரலும் நகமும் சடையும் அணியும் யாவும் அங்கே ஓரணுவும் பிசகாமல் உள்ளன. கண்ணுக்குப் புலனாகாது; கையாற் பற்றலாகாது; எனினும் உள்ளது. உருவம் என்பது பொருளைப் பற்றி நிற்பதாயினும், இந்தப் பொருளே வேண்டுமென்று நிற்பதன்று என்பது இங்கே கண்கூடு. அருவமும் உருவமும் அருவுருவமும் ஆகிய இறைவன் நிலைகளை மாணாக்கருக்கு விளக்கும்பொழுது இதனை ஓர் உவமையாகக் காட்டலாம். உவமை ஒருபுடை ஒப்புமையே. இறைவனை வெற்றிடம் என்று பிள்ளைகள் கொள்ளாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இப்பொழுது ஏசாயாவின் நியாயத்தை எடுத்துக்கொள்வாம். ஒரே மரம் அடுப்புக்கும் தெய்வத்துக்கும் ஆயிற்று. ஆதலின் அது தெய்வமன்று என்பது அது. இதன் வலிமை, வணங்குவோன் மரத்தையே வணங்குகின்றான் என்று கொள்வதிலே தங்கியுள்ளது. நாம் வணங்குவது செம்பையாயின், நம் வீட்டுச் செப்புக்குடத்தையும் வணங்குதல் வேண்டும். எந்தச் சைவனும் அதனைச் செய்வதில்லை. ஆகவே வணங்கப்படுவது செம்பன்று.

அற்றேல், வணங்கப்படுவது உருவமோ? உருவம் மெழுகிலும் அவ்வாறேயிருந்தது. ஸ்தபதி அதனைத் தீயிலிட்டு உருக்கினான், எவரும் அழவில்லை. சுவிற்சர்லாந்திலே ஜெனீவா நகரத்தருகேயுள்ள அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசாங்கம் 2004ஆம் ஆண்டு அளித்த, இரண்டு மீற்றர் உயரமுள்ள நடராச வடிவம் நிற்கின்றது. 2023ஆம் ஆண்டு டில்லியிலே 20 நாட்டார் கூட்டம் நடந்த மண்டபத்தின் முன்னே, சுவாமிமலையில் இம்முறையாலேயே வார்க்கப்பட்ட 27 அடி உயரமுள்ள நடராச வடிவம் நிறுத்தப்பட்டது. இரண்டும் நடராச உருவமே. இரண்டும் காட்சிக்கும் கருத்துக்கும் நிறுத்தப்பட்டனவேயன்றி, நித்திய பூசைக்கு நிறுத்தப்பட்டனவல்ல. ஆகவே வணங்கப்படுவது உருவமாத்திரமும் அன்று.

அற்றேல், அழகோ? கிராமத்துக் கோயில்களிலே நூற்றாண்டுக்கணக்காக எண்ணெயும் பாலும் ஆடிக் கண்ணும் மூக்குந் தேய்ந்த திருமேனிகள் பல உள. அவற்றின்முன்னே நிற்பார் உள்ளம் பேரழகுத் திருமேனியின்முன் நிற்பார் உள்ளத்தினுங் குறைவாக உருகுவதில்லை. ஆகவே அழகும் அன்று. செம்பும் உருவமும் அழகும் ஒவ்வொன்றாகக் கழிந்தபின் எஞ்சுவது யாது? அவற்றை இடமாகக்கொண்டு அடியவர்பொருட்டு எழுந்தருளும் திருவருளே. இதனை நம் முன்னோர் மொழியே காட்டும். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டு நிறைவேற்றிய தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களிலே அறுபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகள் அளவோடு குறிக்கப்பட்டுள்ளன. அவை கனமாகச் செய்யப்பட்டனவா, பொள்ளலாகச் செய்யப்பட்டனவா என்பதும், எத்தனை முழம் எத்தனை விரல் என்பதும் அங்கே உண்டு. வார்த்தான் என்று சொல்லியமையாது, 'எழுந்தருளுவித்தான்' என்னும் வழக்கும் அங்கே உண்டு. வார்த்தது மனிதன் செயல். எழுந்தருளுதல் இறைவன் செயல். இரண்டையும் அறிந்தே அக்காலத்தார் எழுதினர்.

திருவருளே எல்லாமாயின், சிற்பநூல் விதியும் ஓலையளவும் எதற்கு, மண்ணுருண்டையொன்று போதாதோ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். ஆசிரியராகிய நமக்கு இத்தடையின் விடை நன்கு தெரியும். கடிதத்தின் பொருள் மையிலும் இல்லை, தாளிலும் இல்லை. ஆயினும் எழுத்துப் பிழைபட எழுதிய கடிதத்தைப் படிப்பவன் பொருளை இழக்கின்றான். எழுத்து நன்கமைதல் எழுதப்பட்ட பொருளுக்காகவன்று, படிப்பவனுக்காக. அதுபோலத் திருமேனி நன்கமைதல் இறைவனுக்காகவன்று, நமக்காக. விவிலிய நூலும் தாளும் மையுந் தானே. அதனை நீதிமன்றிலே கையில் ஏந்திச் சத்தியஞ்செய்யும் கிறித்தவ நண்பரை நோக்கி, நீர் தாளையா வணங்குகின்றீர் என்று நாம் கேட்பதில்லை, கேட்டலும் முறையன்று. அவர் நமக்கு அளிக்கவேண்டியதும் அம்மரியாதையே. இவ்வளவே நாம் வேண்டுவது.

இந்நியாயத்தை நாம் பிறர்மேலே மாத்திரம் எறிந்துவிட்டு அமைதல் நேர்மையன்று. அது நம்மையும் வினாவும். வணங்கப்படுவது செம்பன்றாயின், எங்கள் கோயிற் பஞ்சலோகத்திலே பொன் இவ்வளவு சேர்ந்தது, எங்கள் திருமேனி அயற்கோயிலதினும் இத்தனை அடி உயரம் என்று நாம் பெருமை பேசுவது எதனை வணங்குவது? அங்கே ஏசாயாவின் சொல் நமக்கே பொருந்திவிடுகின்றது.

இலங்கையிலே நிகழ்ந்த இரண்டு செய்திகளை இங்கே ஒப்புநோக்குதல் பயன்தரும். சோழர் 11ஆம் நூற்றாண்டிலே தலைநகராகக் கொண்டிருந்த பொலநறுவையில், 1907, 1908ஆம் ஆண்டுகளிலே பழம்பொருளாராய்ச்சியார் சிவாலயங்களை அகழ்ந்தபொழுது, நடராசர் வடிவமும் சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய அடியார் வடிவங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் பல கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டன. அந்நூதனசாலை திறக்கப்பட்டது 1877ஆம் ஆண்டு. அதே ஆண்டிலே கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவ்வடிவங்களைப்பற்றி 1914ஆம் ஆண்டு நூலெழுதி உலகறியச் செய்தார். இஃதொன்று. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே திருக்கோணேசுவரத்தை இடித்தனர். அக்காலத்துப் புதைக்கப்பட்ட சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை, பிள்ளையார் திருமேனிகள் 1950ஆம் ஆண்டு திருக்கோணமலையிலே கிணறு தோண்டியபொழுது வெளிப்பட்டன. அவை வீதியுலாவாகக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டுங் கோயிலிலே வைக்கப்பட்டன. புதுக்கிய கோயிலுக்கு 1963ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. இது மற்றொன்று.

தொழில் ஒன்று, மண்ணினுட் கிடந்த நிலை ஒன்று, வெளிப்பட்ட வகையும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றன்முன் சீட்டு வாங்கி நிற்கின்றோம். மற்றொன்றன்முன் கற்பூரங்கொண்டு நிற்கின்றோம். நூதனசாலையிலே கண்ணாடிப் பேழைமுன் நிற்கும் நம் மாணாக்கன் கைகூப்பவேண்டுமோ, கூடாதோ? எமக்குத் தோன்றுவது இது. ஆகம விதிப்படி ஆவாகனமும் பூசையும் நிகழும் இடமே வழிபாட்டிடம்; நூதனசாலை அஃதன்று. ஆகவே கூப்பாத பிள்ளையைக் குற்றங்கூறுதல் தகாது. ஆனால் அத்திருமேனியின்முன் எத்தனையோ தலைமுறையார் தம் நோயையும் வறுமையையும் பிள்ளையின்மையையுஞ் சொல்லி அழுதிருக்கின்றனர். அவர் கண்ணீர் விழுந்த இடம் அது. அதனை நினைந்து ஒரு பிள்ளை தானே கைகூப்புமாயின் அதனை நகைத்தலுந் தகாது. இரண்டு பிள்ளைகளையும் ஒருங்கு அழைத்துச் சென்று, ஒருவரையொருவர் நகையாமல் நிற்கப் பழக்குதலே ஆசிரியர் கடன்.

மதிப்பை விலையென்று மயங்குவார் இன்னொரு சாரார். சோழநாட்டுச் சிரீபுரந்தான் என்னும் ஊர்க்கோயிலிலே களவுபோன நடராசத் திருமேனியை அவுத்திரேலியத் தேசிய கலைக்கூடம் 2008ஆம் ஆண்டு ஏறக்குறைய 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது; களவென்பது வெளிப்பட்டபின் 2014ஆம் ஆண்டு அஃது இந்தியாவுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. பத்தூர் என்னும் ஊரிலே 1976ஆம் ஆண்டு மண்ணிலே கிடைத்து இலண்டன்வரை விற்கப்பட்ட நடராசர்பொருட்டு அந்நகர நீதிமன்றிலே வழக்கு நடந்தது. பாழடைந்த அவ்வூர்க் கோயிலின் உரிமையை நீதிமன்றம் ஏற்றதனால் 1991ஆம் ஆண்டு அத்திருமேனி இந்தியாவுக்கு மீண்டது. வாங்கியவருக்கு அது கலைப்பொருள். விற்றவருக்கு அது பணம். ஊராருக்கு அது வீடு திரும்பாத பெரியவர். அச்செம்பு ஒன்றே, நோக்கம் வேறு.

இதுகாறும் வணங்குவோனைப் பற்றிப் பேசினேம். செய்தோனைப் பற்றியுஞ் சொல்லல் வேண்டும். இத்தாலி தேசத்துச் செல்லினி என்னும் சிற்பி புளோரன்சு நகரிலே 1554ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட பேர்சியசு என்னும் வீரனின் வெண்கல வடிவத்தை இம்மெழுகு முறையாலேயே வார்த்தான். உலையிலே உலோகம் இறுகிப்போக, வீட்டிலிருந்த ஈயக்கலவைத் தட்டுக்கள் ஏறக்குறைய 200ஐயும் எறிந்து அதனை இளகச்செய்ததைத் தன் சரித்திரத்திலே பெருமிதத்தோடு எழுதிவைத்தான். சிறந்த சிற்பியே, பெருமிதமுந் தக்கதே. பொலநறுவை நடராசரை வார்த்தவன் பெயரோ நமக்குக் கிடைத்திலது. கண்திறப்பு முடிந்து, பிரதிட்டை ஆனபின் ஸ்தபதி தான் செய்த திருமேனியைத் தீண்டுதலும் இல்லை. மரியாதை பெற்றுக்கொண்டு வெளியே வந்து, மற்றையோரோடு நின்று கும்பிடுகின்றான். 'எனது' என்பதனை இதனினும் முற்றாக விட்டார் யாவர்? மெழுகு உருவத்தைத் தந்துவிட்டு நீங்கியதுபோல அவனும் நீங்கினான்.

இதனைப் புகழ்ந்துரைத்தல் நமக்கு எளிது. ஆனால் ஒருவன் தானே விட்டது துறவு. பிறர் பறித்தது துறவாகாது. ஸ்தபதி தன் பெயரை விட்டான் என்று போற்றுகின்ற நாம், அவன் கூலியைக் குறைத்தும், அவனைத் தாழ்ந்தவன் என்று தள்ளிவைத்தும் இருப்போமாயின், அவன் துறவைக் காட்டி நம் குற்றத்தை மறைத்தோமாவோம். ஆசிரியத் தொழிலுக்கும் இது பொருந்தும். 'ஆசிரியர் மெழுகுபோல் உருகவேண்டும்' என்று மேடையிலே சொல்வார், மாதமுடிவிலே அவர் வேதனத்தைத் தாழ்த்திக் கொடுத்தற்கு அதனைக் காரணமாக்கலாகாது. நாமும், மாணாக்கன் நம் சொற்படி அடங்கியிருத்தலை அவனுடைய பக்தியென்று பெயரிடலாகாது. ஒவ்வொரு திருமேனிக்கும் ஓலை தனியே நறுக்கப்படுகின்றது; ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு தனியே காணப்படல் வேண்டும்.

இறுதியாக, செப்புத் திருமேனி எதற்கு வேண்டப்பட்டது என்பதனை நினைத்தல் நலம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொச்சிக்கடையிலே பொன்னம்பல முதலியார் 1857ஆம் ஆண்டு எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை, அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை கருங்கற்றளியாகப் புதுக்கினார். அங்கும் பிறவாலயங்களிலும் மூலமூர்த்தம் அசையாது. கருவறையை விட்டு வெளிவராது. வெளியே எழுந்தருளுவது செப்புத் திருமேனி. கோயிலுக்கு வரமாட்டாத முதியோர், நோயாளர், தொழிலாளர் யாவரும் தம் வாயிற்படியில் நின்று காணுதற்கே திருவிழாவும் திருவுலாவும் அமைந்தன. பாரந் தாங்கும் வன்மையும், தோளில் ஏறும் அளவும், மழைக்கும் வெயிலுக்கும் அழியாமையும் வேண்டியே செம்பு கொள்ளப்பட்டது. நடப்பதற்காக வார்க்கப்பட்டது அது.

அங்ஙனம் வெளியே வந்த திருமேனியைக் கண்டு கும்பிட்டோர் பலர், உள்ளே சென்று கும்பிடத் தடுக்கப்பட்டோராயிருந்தனர். இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதிபற்றி வழிபாட்டிடங்களிலே தடுத்தலைக் குற்றமாக்கியது. அதன்பின்னும் வாயில்கள் பல உடனே திறக்கப்படவில்லை. இறைவன் தெருவுக்கு இறங்கி வந்தான். அடியவன் படியேறி வரத் தடையாயிற்று. இதனினும் வெட்கம் வேறில்லை. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்திலே அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கு வைத்து அரனெனத் தொழுமாறு உணர்த்தினார். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் வைத்தமை ஓர்க. திருமேனியைத் தொழுது அடியவனைத் தள்ளுவோன் அச்சூத்திரத்தின் பாதியை அழித்தோனாவான்; எஞ்சிய பாதியில் அவன்முன் நிற்பது வெறுஞ் செம்பே. அவனைக் குறித்து ஏசாயா சொன்னது முற்றிலும் உண்மை.

ஆகவே மாணாக்கன் வினாவுக்கு விடை இது. கையாற் செய்யப்பட்டது கடவுளாகாது. அதனை ஸ்தபதியே நன்கறிவான். கையாற் செய்யப்பட்டதிலே கடவுள் எழுந்தருளுவது அவன் அருள். அவ்வருள் அங்கே உண்டென்று தொழுவோன், அதே அருள் அயலானிடத்தும் உண்டென்று ஒழுகுவானாயின் அவன் தொழுகை தகும், அல்லாதவழித் தகாது. இவ்விடையை வாயாற் சொல்லுதல் ஒருநாட் பாடம். வகுப்பிலே எந்தப் பிள்ளையையும் தள்ளிவையாது ஒழுகிக் காட்டுதல் ஆண்டு முழுதும் நடத்தவேண்டிய பாடம். ஆசிரிய அன்பர்கள் இரண்டனையுஞ் செய்வார்களாக.